மூடி திறக்க விரலை வதைக்காதீர்கள்

புது ஊறுகாய் பாட்டிலின் தகர மூடி ஏன் அவ்வளவு இறுக்கம் என்றால், உள்ளே காற்று குறைவாக இருப்பதால் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்திருக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் முதலில் அந்தப் பிடியை விடுவியுங்கள். ஸ்பூன் முனையை மூடியின் விளிம்புக்கு அடியில் கொடுத்து லேசாக நெம்பினால் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது. அப்புறம் பாட்டிலை ஈரத்துணி மேல் வைத்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, உள்ளங்கையை மூடி மேல் பதித்து, விரலால் திருகாமல் முழங்கையும் தோளும் சேர்ந்து சுழலும்படி திருப்புங்கள். கட்டைவிரல் அடிமூட்டு வலிக்கிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி.

அசையவில்லையா? மூடியை மட்டும் அரை நிமிடம் சுடுதண்ணீரில் காட்டுங்கள், தகரம் கண்ணாடியைவிட அதிகமாக விரியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம், விரிசல் விடலாம்.

பால் பாக்கெட்டை நகத்தாலோ பல்லாலோ கிழிக்க வேண்டாம். டம்ளரில் நிற்க வைத்து மூலையைக் கத்தரியால் வெட்டுங்கள். கைப்பிடி பெரிதாக, நாலு விரலும் நுழைகிற கத்தரியாகப் பார்த்து வாங்குங்கள். மாத்திரை அட்டைக்கு ஸ்பூன் காம்பால் அழுத்தினால் போதும்.

திறந்ததை மறுபடி இறுக்கி மூடாதீர்கள். வீட்டில் யாராவது பலசாலி அப்படி மூடிவைத்தால், சொல்லி வையுங்கள்.