‘ஆலோசனைக் கமிட்டிதானே?’ – கலிபோர்னியா பள்ளிக் கமிட்டிகளில் பெற்றோர் சறுக்கும் இடங்கள்

கலிபோர்னியாவில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த ஓரிரு வருஷத்தில் ஏதாவது ஒரு கமிட்டிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்துவிடும். நானும் அப்படித்தான் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஆலோசனைக் கமிட்டியில் போய் உட்கார்ந்தேன். முதல் கூட்டம் முடிந்த இரவே, ரொம்பச் சுறுசுறுப்பாக, 9 உறுப்பினர்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். “அடுத்த வாரம் எந்தத் திட்டத்துக்கு உங்கள் ஆதரவு?” என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் 6 பேர் பதில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திலிருந்து ஃபோன்: “முதலில் அதை நிறுத்துங்கள்.”

எங்களுக்கே தெரியாமல் ஒரு சட்டவிரோதக் கூட்டத்தையே நடத்தி முடித்திருக்கிறோம். 1953-இல் வந்த ரால்ஃப் எம். பிரவுன் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகள் கூடிப் பேசுவதும் முடிவெடுப்பதும் மக்கள் கண்முன் நடக்க வேண்டும். பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒரே அறையில் இருந்தால்தான் கூட்டம் என்றில்லை. நான் ஒருவரிடம் பேசி, அவர் அடுத்தவரிடம் பேசி, இப்படியே பெரும்பான்மையைத் தொட்டுவிட்டாலும் அது கூட்டம்தான். ஒருவர் நடுவில் நின்று எல்லோருடைய கருத்தையும் வாங்கி வாங்கிப் பரிமாறினாலும் அப்படியே. அலுவலர் ஒருவர் உறுப்பினர்களுக்குத் தனித்தனியாக விளக்கம் சொல்லலாம். ஆனால் “அவர் இப்படி நினைக்கிறார்” என்று ஒருவர் கருத்தை இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது. மின்னஞ்சலில் ‘ரிப்ளை ஆல்’ அழுத்துவதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

சமூக ஊடகத்தில் கெடுபிடி இன்னும் அதிகம். கமிட்டியின் வரம்புக்குள் வரும் விஷயத்தைப் பற்றிச் சக உறுப்பினர் பதிவு போட்டால், அதற்கு நேரடியாகப் பதில் எழுதக் கூடாது. ஒரு ‘லைக்’ கூடப் போடக் கூடாது. இங்கே பெரும்பான்மைக் கணக்கே கிடையாது, ஒருவர் செய்தாலே தவறு. 2021 முதல் இதுதான் விதி.

“நாங்கள் வெறும் ஆலோசனை சொல்கிறவர்கள், முடிவெடுப்பது டிஸ்ட்ரிக்டை ஆளும் போர்டு, எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?” என்று எங்கள் கமிட்டியிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் சட்டம் பார்ப்பது அதிகாரத்தை அல்ல, பிறப்பை. போர்டு முறைப்படி உருவாக்கிய கமிட்டி என்றால் தற்காலிகமானதோ, வெறும் ஆலோசனை சொல்வதோ, சட்டம் பொருந்தும். டிக்ஸன் என்ற ஊரின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் பாடநூல் சர்ச்சை ஒன்று நீதிமன்றம் வரை போனது. போர்டின் எழுத்துபூர்வமான கொள்கைப்படி அமைந்த கமிட்டிகள் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் தன் வேலைக்காகத் தானாகவே கூட்டிவைக்கும் அலுவலர் குழு பொதுவாக இதில் வராது.

5 பேர் போர்டில் 2 பேரை மட்டும் வைத்து ஒரே வேலைக்காகச் சில வாரம் இயங்கும் துணைக்குழுவுக்கும் விலக்கு உண்டு. அதே 2 பேர் ‘பட்ஜெட் துணைக்குழு’ என்று தொடர்ந்து இயங்கினாலோ, அல்லது பெற்றோர் ஒருவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டாலோ அந்த விலக்கு போய்விடும். இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

பள்ளி அளவில் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து உட்காரும் ஸ்கூல் சைட் கவுன்சில் தனிக் கதை. அதற்குப் பிரவுன் சட்டம் இல்லை, கிரீன் சட்டம். கொஞ்சம் எளிமையானது, என்றாலும் அஜெண்டாவை 72 மணி நேரம் முன்பே ஒட்டியாக வேண்டும், கூட்டம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். பள்ளிக் கட்டடங்களுக்காக பாண்ட் (கடன் பத்திரம்) மூலம் திரட்டிய பணத்தைக் கண்காணிக்கும் குடிமக்கள் கமிட்டிக்கோ, போர்டு கூட்டத்துக்கு எப்படி அறிவிப்புக் கொடுக்கிறார்களோ அப்படியே கொடுக்க வேண்டும் என்று கல்விச் சட்டமே சொல்கிறது.

பிரவுன் சட்டத்திலும் வழக்கமான கூட்டத்துக்கு அதே 72 மணி நேரம்தான். சிறப்புக் கூட்டத்துக்கு 24. அஜெண்டாவில் ‘இதர விஷயங்கள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அதன்கீழ் எதை வேண்டுமானாலும் பேசுவது நம் ஊர்ச் சங்கக் கூட்டங்களில் சரி, இங்கே செல்லாது. ஒவ்வொரு விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்; பொதுவாக 20 சொற்களுக்குமேல் தேவையில்லை.

அப்புறம் வாசலில் வைக்கும் கையெழுத்துத் தாள். வைக்கலாம், ஆனால் பெயர் எழுதினால்தான் உள்ளே வரலாம் என்று சொல்லக் கூடாது. பார்க்க வந்தவர் ஃபோனில் வீடியோ எடுத்தால், கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை தடுக்க முடியாது. தலைவர் தேர்தலில் மனஸ்தாபம் வேண்டாமே என்று சீட்டில் எழுதி மடித்துப் போடுவதும் தவறு. ரகசிய வாக்குக்கு இடமே இல்லை.

தவறு நடந்துவிட்டால் மறைக்கப் பார்க்காதீர்கள். எடுத்த முடிவைச் சரிசெய்யச் சொல்லி யாரும் 90 நாளுக்குள் எழுதிக் கேட்கலாம். அஜெண்டாவில் இல்லாததை வெளிப்படையான கூட்டத்திலேயே முடிவு செய்திருந்தால் கெடு 30 நாள். கடிதம் வந்ததும், சரிசெய்யக் கமிட்டிக்கு 30 நாள் உண்டு. பெரும்பாலும் அதே விஷயத்தை முறையான அஜெண்டாவில் போட்டு மறுபடி பேசி வாக்கெடுத்தால் போதும். நாங்களும் அப்படித்தான் செய்தோம். எல்லோர் எதிரிலும் பேசியபோது 6 பேரில் 2 பேர் மனம் மாறி வாக்களித்தார்கள்.

வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. கூட்டம் எத்தனை மணிக்கு, பார்க்கிங் எந்தப் பக்கம், இவ்வளவுதான் அதில் வரும்.