அலுவலக அரசியல்: ஒதுங்கி நிற்பதில் தொடங்கும் தவறுகள்

"நான் உண்டு, என் வேலை உண்டு" என்று சொல்பவர்களை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். அதை நேர்மை என்றே நம்பினேன். அலுவலக அரசியலில் பலரும் செய்யும் முதல் தவறு அதுதான் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

நாலு பேர் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் யாருக்கு என்ன பொறுப்பு, பணம் எதற்கு, பதவி உயர்வு யாருக்கு என்று யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். ஆளுக்கொரு கருத்து இருக்கும். அவை மோதுவதும் இணங்குவதும்தான் அலுவலக அரசியலில் பெரும்பகுதி. சூழ்ச்சியும் உண்டு, ஆனால் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

ஒருமுறை, பில்களுக்கு ஒப்புதல் வாங்கும் முறையை மாற்றலாம் என்று மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு திட்டம் தயாரித்தேன். மீட்டிங்கில் விளக்கி முடித்ததும், கணக்குப் பிரிவு சீனியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாசக் கடைசியில எங்களுக்கு ரெண்டு நாள் வேலை கூடுதே, எங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?" யாரும் பேசவில்லை. "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்றார் மேனேஜர். வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டார் என்று அந்த சீனியர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

சில நாள் கழித்து அவரிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் எழுதியிருந்தபடி செய்தால் மாதக் கடைசியில் எல்லா பில்லும் அவர் மேசையில்தான் வந்து குவியும். பென்சிலை எடுத்து இரண்டு இடங்களில் திருத்தினார். அடுத்த மீட்டிங்கில் அந்தத் திட்டத்துக்காக முதலில் பேசியதே அவர்தான். பெரும்பாலான முடிவுகள் மீட்டிங்குக்கு முன்பே பாதி எடுக்கப்பட்டுவிடுகின்றன. யாருக்கு வேலை கூடும், யாருக்கு அதிகாரம் குறையும் என்று யோசித்து, அவர்களிடம் முன்கூட்டியே பத்து நிமிடம் பேசுவது காக்கா பிடிப்பது ஆகாது. அது மரியாதை.

அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு தவறும் இருந்தது. அடுத்தவர் செய்கைக்குச் சூழ்நிலையைப் பார்க்காமல் குணத்தையே காரணமாகச் சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. சமூக உளவியலாளர் லீ ராஸ் 1977இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: அடிப்படைக் கற்பிதப் பிழை. "அவன் திமிர் பிடித்தவன்" என்று முடிவு கட்டும் முன், அவருக்கு அன்று என்ன டெட்லைன் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

புறம் பேசுவதில் ஒரு விசித்திரம் உண்டு. ஜான் ஸ்கவ்ரான்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கில்லாத ஒருவருடைய குணத்தை நாம் விவரிக்கும்போது, கேட்பவர் மனதில் அந்தக் குணம் நம்மோடும் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தவரைச் சோம்பேறி என்றால், நம் மீதும் சோம்பேறி என்ற சாயல் படிகிறது. அதற்காக, வம்பு பேசுபவருக்கு உபதேசம் செய்ய வேண்டாம். "அதை அவர்கிட்டயே கேட்டாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினால் போதும்.

மனத்தாங்கலை மெயிலில் தீர்க்கப் பார்ப்பதும் ஆபத்துதான். ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் மற்றவர்களோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையில், தங்கள் மெயில் நேராகச் சொன்னதா கிண்டலா என்பதை 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். உண்மையில் சரியாகப் புரிந்தது 56 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்துவிடும். ஒரு மெயிலை இரண்டாவது முறை அடித்துத் திருத்துகிறீர்கள் என்றால், எழுந்து போய் நேரில் பேசுங்கள், முடியாவிட்டால் போனில் கூப்பிடுங்கள். எடுத்தவுடனே மேனேஜரை சிசியில் சேர்ப்பது, பேசிப் பார்க்காமலே புகார் கொடுப்பதற்குச் சமம்.

ஒரு கோஷ்டியோடு மட்டும் ஒட்டிக்கொள்வதும், மேலதிகாரியிடம் குழைந்துவிட்டு உதவியாளரிடம் எரிந்துவிழுவதும் தவறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உழைப்புக்கான பெயர் விஷயத்தில் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். கூட்டாகச் செய்த வேலையில் தன் பங்கே அவரவர் நினைவில் பெரிதாக நிற்கும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979இலேயே இதை ஆய்வில் காட்டினார்கள். எனவே உங்கள் யோசனையை ஒருவர் தன்னுடையது போலப் பேசினால், உடனே திருட்டு என்று முடிவு செய்யாதீர்கள். அன்றைக்கே தனியாகப் பார்த்து, "அந்த யோசனையை நான்தானே கொண்டுவந்தேன், அடுத்த தடவை என் பெயரையும் சொல்லிடுங்க" என்று சொல்லுங்கள். அதே போல, உங்களுக்குப் பாராட்டு வரும்போது கூட உழைத்தவர்களின் பெயர்களை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் மிரட்டல், திரும்பத் திரும்ப அவமானப்படுத்துவது, பாலியல் தொல்லை இவையெல்லாம் அரசியல் அல்ல. அவற்றை "அனுசரித்துப் போ" என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். எந்தத் தேதியில், என்ன நடந்தது, யார் கூட இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். எச்.ஆரிடமோ புகார்க் குழுவிடமோ போகும்போது அந்தக் குறிப்பைக் கையில் எடுத்துப் போங்கள். முடிந்தால் நம்பிக்கையான ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.