பிரைமருக்கு முன்னால் பசை

பாகம் பாகமாக வரும் மாடல் பொம்மையைச் சேர்க்கப் பசை கேட்டால், கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஃபெவிக்விக்கைத்தான் நீட்டுவார். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பொம்மை எதில் செய்தது என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்தபடி வருகிற சாம்பல் நிறப் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். இதற்கு பிளாஸ்டிக் சிமென்ட்தான். அது ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. நான் வைத்திருப்பது தமியாவின் எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிரஷ் நுனியால் இணைப்புக் கோட்டை ஒரு தொடு தொட்டால் போதும், இடுக்குக்குள் தானே ஓடிவிடும். கோட்டின் மேல் விரலை வைக்காதீர்கள். பசை விரலுக்கடியிலும் ஓடி, உங்கள் ரேகை பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். அரை நிமிடம் கழித்து லேசாக அழுத்தினால் கோடு நெடுகக் கரைந்த பிளாஸ்டிக் மெல்லிசாகப் பிதுங்கும். துடைக்காமல் விட்டு, மறுநாள் கத்தியால் சுரண்டுங்கள். இணைப்பு இருந்த தடமே தெரியாது. ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும், வாடை பொல்லாதது.

அச்சில் வார்த்த ரெசினுக்கும் உலோகத்துக்கும் இந்தச் சிமென்ட் உதவாது. அங்கே சூப்பர் குளூ, அதாவது ஃபெவிக்விக் வகை. ரெசின் பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசையும் பிடிக்காது, பெயின்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சான பிரைமரும் பிடிக்காது. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தில் இறுகுவது. சென்னை மழைக்காலத்தில் இன்னும் வேகம். கூடவே இணைப்பைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூப்பைப் பிரைமர் மறைத்துவிடும், பசைக் கட்டியை மறைக்காது. அதனால் குண்டூசி முனையளவு போதும். விமானத்தின் கண்ணாடிக்கு மட்டும் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், மங்கிவிடும். ஃபெவிக்கால் எம்ஆர் வையுங்கள், காய்ந்ததும் தெளிந்துவிடும்.

கனமான உலோகக் கை, இறக்கை என்றால் எந்தப் பசையையும் தனியாக நம்பமாட்டேன். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் கம்பி செருகி, அரால்டைட் எபாக்ஸி பசை வைத்து, ராத்திரி முழுக்க அசையாமல் விடுவேன்.

கேடயம், முதுகுத் துணி மாதிரி பிரஷ் நுழைவதைத் தடுக்கிற பாகங்களை இப்போது ஒட்டாதீர்கள். அவை சேருமிடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் பிரைமர் அடியுங்கள். சிமென்டுக்கு வெறும் பிளாஸ்டிக் வேண்டும், பெயின்டின் மேல் அது வேலை செய்யாது.