அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு விற்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் பல வருடம் மருத்துவக் கருவி உற்பத்தி வரிசையில் நின்றவர்கள், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக ஒரு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) தொடங்குகிறார்கள். நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டை, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி. வேலை சுத்தமான வேலை. சாலிடரில் யாரும் குறை சொல்ல முடியாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு 170-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் என்று தெரிந்ததும் ஆசை அங்கே ஓடுகிறது. விலைப்பட்டியலில் பிழை, பதில் போடத் தாமதம் போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை யாருக்கும் தெரிந்தவை.

ஸ்டிக்கர் மாற்றினால் பிறந்த நாடு மாறும் என்று நம்புவது

கை முதலையே விழுங்குகிற தவறு இது.

இத்துறை ஃபெடரல் சப்ளை ஷெட்யூல் எனும், விலையை முன்பே பேசி வைக்கும் நீண்டகால ஒப்பந்தங்கள் வழியாகவும் வாங்குகிறது. அதில் 1979-ஆம் ஆண்டு வர்த்தக உடன்பாடுகள் சட்டம் பொருந்தும். பொருள் அமெரிக்காவிலோ, அந்தச் சட்டம் ஏற்ற நாட்டிலோ உருவாகியிருக்க வேண்டும். சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா, தைவான், மெக்சிகோ எல்லாம் பட்டியலில் உண்டு. மலேசியா இல்லை. சீனா, இந்தியா, தாய்லாந்தும் இல்லை. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாட்டில் நாம் வெறும் பார்வையாளர்.

இதைச் சொன்ன அடுத்த நிமிடமே, "அப்படின்னா சிங்கப்பூருக்கு அனுப்பி அங்கே பெட்டியில போட்டுடலாம்ணே" என்று பதில் வருகிறது. எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் அடங்காத பதில். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மரத்துப் பாலைக் கையுறையாக்கினால் பொருளே வேறாகிவிட்டது: பெயர் வேறு, குணம் வேறு, பயன் வேறு. அதே கையுறையை ஜோகூர் பாலம் தாண்டி வேறு பெட்டியில் அடுக்கினால் அது கையுறைதான். சட்டம் கேட்பது முதல் வகை உருமாற்றத்தை. சோதிப்பது, கிருமி நீக்குவது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடைப்பது இவற்றால் மட்டும் நாடு மாறாது.

ஏற்ற நாட்டுப் பொருள் என்று, உங்கள் சரக்கை இத்துறைக்கு விற்கும் விநியோகஸ்தர் கையெழுத்திட்டு உறுதி தருகிறார். அது பொய்யானால் அமெரிக்கப் பொய்க் கோரிக்கைச் சட்டப்படி நட்டத்தைப்போல் மும்மடங்கு, அதற்கு மேல் பணம் கேட்டு அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அபராதம். புகார் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்பதால் காட்டிக்கொடுக்க ஆள் காத்திருக்கிறது. விநியோகஸ்தர் உங்கள் பக்கம் திரும்புவார். அனுப்பிய சரக்குக்குப் பணம் வராது, திரும்பி வரும் சரக்குக்குக் கப்பல் செலவும் உங்கள் தலையில்.

ஆகவே விலை சொல்வதற்கு முன் ஒரு தாள் தயாரியுங்கள். சிப், மின்கலம், மின்முனை, பசைப்பட்டை, உறை என ஒவ்வொரு பாகத்துக்கும் நாடு எழுதுங்கள். சர்க்யூட் போர்டில் பாகங்கள் எங்கே பொருத்தப்பட்டன, ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எங்கே எழுதப்பட்டது, எங்கே ஏற்றப்பட்டது, இறுதிப் பொருத்தல் எத்தனை படிகள் என்பதையும் சேருங்கள். அதை அமெரிக்கச் சுங்க வழக்கறிஞரிடம் கொடுத்து, பொருள் எந்த நாட்டுடையது என்ற சுங்கத்துறையின் இறுதித் தீர்மானத்துக்கு விண்ணப்பியுங்கள். தீர்மானம் நீங்கள் எழுதிய விவரத்துக்கு மட்டுமே செல்லும். பிறகு போர்டு வேலையை வேறு நாட்டுக்கு மாற்றினால் அந்தத் தீர்மானத்தை நம்ப முடியாது.

விடை மலேசியா என்று வந்தால்? போர்டு வேலையையும் இறுதிப் பொருத்தலையும் ஏற்ற நாட்டுக்கு உண்மையாகவே நகர்த்தலாம். அதற்கு முதல் இல்லாதவர்கள் முழுக் கருவியை விட்டுவிட்டு, உணரி (சென்சார்) மாட்யூலை உதிரிபாகமாக அமெரிக்கத் தயாரிப்பாளருக்கு விற்கலாம். அங்கே உண்மையான உருமாற்றம் நடந்தால் பொருள் அமெரிக்கப் பொருள். சின்னக் கம்பெனிக்கு இதுவே நிம்மதியான வழி.

சாம் தளப் பதிவுக்குப் பணம் கட்டுவது

அமெரிக்க அரசுக்கு விற்பவர்கள் பதியும் இந்தத் தளம் இலவசம். கட்டாதீர்கள்.

முகவரியை ஆளுக்கொரு விதமாக எழுதுவது

வெளிநாட்டு நிறுவனம் முதலில் என்கேஜ் எனும் நிறுவன அடையாளக் குறியீடு வாங்கி, பிறகு சாமில் பதிய வேண்டும். ஒன்றில் 'ஜாலான்' என்று முழுதாகவும் மற்றதில் 'ஜே எல் என்' என்று சுருக்கியும் எழுதினால் விண்ணப்பம் முடங்கும். கம்பெனிப் பதிவுத் தாளில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். சாம் பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

எஃப்டிஏ பதிவை அனுமதி என்று காட்டுவது

எஃப்டிஏ என்பது அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. அதில் பதிவு என்றால் தொழிற்சாலையின் பெயர் பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். ஈசிஜி பட்டைக்கும் மருத்துவ ஆக்சிஜன் மானிக்கும் 510(கே) எனும், விற்பனைக்கு முன் பெறும் அனுமதி தனியாக வேண்டும். தனியார் விற்கும் 'எஃப்டிஏ பதிவுச் சான்றிதழை' எஃப்டிஏ தருவதில்லை. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிப் பயனில்லை. ஐரோப்பிய சிஇ குறியும் இங்கே செல்லாது. அமெரிக்காவில் ஒரு முகவரையும் நியமிக்க வேண்டும். பதிவை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும்.

டாக்டர் தலையாட்டியதும் ஆர்டர் என்று எண்ணுவது

அரசைக் கட்டுப்படுத்தும் கையெழுத்து ஒப்பந்த அதிகாரியுடையது மட்டுமே. இத்துறையின் கொள்முதலில் முன்னாள் படைவீரர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு முன்னுரிமை சட்டப்படி கட்டாயம். 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அப்படி ஒரு விநியோகஸ்தரோடு சேருங்கள். ஆனால் அவர்களுக்கென ஒதுக்கிய கொள்முதலில் தயாரிப்பாளர் யார் என்பதற்கும் தனி விதி உண்டு. விலக்கு இருக்கிறதா என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

"ஏஇஎஸ் 256 இருக்கிறது" என்று நிறுத்திக்கொள்வது

ஏஇஎஸ் 256 தகவலை மறையாக்கும் ஒரு முறை, அவ்வளவுதான். இத்துறை கேட்பது ஃபிப்ஸ் 140 எனும் அமெரிக்க அரசுத் தரத்தில் சரிபார்க்கப்பட்ட மறையாக்க மாட்யூல். அதன் சான்று எண்ணைக் கொடுங்கள். கருவியின் தகவல் பாதுகாப்பை விவரிக்கும் எம்டிஎஸ்2 படிவத்தையும் முன்பே நிரப்பி வையுங்கள்.

வரிசையில் நிற்கும் இளைஞர் கையில் மட்டும் சோதிப்பது

அணியப் போகிறவர் எழுபது வயதுக்காரராக இருக்கலாம். நெஞ்சில் முடி, கையில் குத்திய பச்சை, மெலிந்த தோல். முடி பசையைத் தூக்கும். பச்சையின் மையும் கருத்த தோலும் ஒளி உணரியின் அளவைப் பிசகச் செய்யும். பட்டையை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். நம் தாத்தா பாட்டிகளிடமே, அவர்கள் சம்மதத்தோடு ஒட்டி, எத்தனையாவது நாளில் எந்த ஓரம் முதலில் கிளம்புகிறது என்று குறித்து வையுங்கள்.