தைராய்டு மாத்திரை: தினமும் நடக்கும் தவறுகள்

ரத்தப் பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது. தைராய்டு குறைபாட்டுக்கு மருந்து எடுப்பவர்கள் செய்கிற தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ரிப்போர்ட் நல்லா வந்திருச்சுங்க, இனி மாத்திரை வேண்டாம்." ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். மாத்திரை தருகிற ஹார்மோனான தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் முதல் பத்துப் பதினைந்து நாள் நன்றாகவே இருக்கும். மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். அப்புறம் அசதி, மலச்சிக்கல், முக வீக்கம், முடி உதிர்வு, குளிர் தாங்காமை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். வீட்டில் உள்ளவர்கள் அதை வயசு என்பார்கள், வேலை அலுப்பு என்பார்கள். இப்படியே மாதங்கள் ஓடிவிடும்.

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கிறது. எடை 15 முதல் 20 கிராம்தான். அது சுரக்கும் தைராக்ஸின், அதாவது டி4, உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நம் ஊரில் பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவது. 1912-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரில் இதை அழைக்கிறார்கள். இப்படிச் சேதமான சுரப்பி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அது தர முடியாத ஹார்மோனை மாத்திரை தருகிறது, அவ்வளவுதான். காய்ச்சல் மாத்திரை மாதிரி சரியானதும் விட்டுவிடும் மருந்து இல்லை இது. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு முற்றிலும் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். தொடர்ந்து அந்தச் சாற்றை எடுத்துக்கொண்ட அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அவரும் இடையில் நிறுத்தவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி போன்ற சிலவற்றில் மட்டும் சுரப்பி தானாகத் தேறும். அது எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு காலை காபி. பலர் வீட்டில் நடப்பதை அப்படியே சொல்கிறேன். எழுந்து, பல் விளக்கி, ஆறு மணிக்கு மாத்திரை. ஆறு பத்துக்கு ஃபில்டர் காபி. சிலர் அந்தக் காபியிலேயே மாத்திரையை விழுங்கிவிடுவார்கள். காபி இந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். 50, 75, 100 என்று பாட்டிலில் போட்டிருப்பது அந்த அளவுதான். இவ்வளவு சிறிய அளவில் தினமும் கொஞ்சம் உடம்பில் சேராமல் போனால், இரண்டு மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். மருத்துவர் அளவைக் கூட்டுவார். காபியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தாலே போதும், கூட்ட வேண்டிய தேவை இருந்திருக்காது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி, டிபன். காலையில் இது முடியவே முடியாது என்றால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாம். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும்.

காபியைவிட மோசமான கூட்டாளிகள் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள். இவை குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. இடையில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் விஷயத்தில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் தருகிறார்கள், வேறு இடத்தில் தைராய்டு மாத்திரை எழுதித் தருகிறார்கள். எல்லாம் ஒரே டப்பாவில் சேர்ந்து, காலையில் மொத்தமாக வாய்க்குள் போகிறது. கடையில் நாங்கள் கவர் மேல் எழுதித் தரும் 1-0-1 என்ற குறிப்பில் நான்கு மணி நேர இடைவெளி தெரியாது. அதனால் கேளுங்கள். தைராய்டு மாத்திரை காலை ஆறுக்கு, இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பின், கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு என்று பிரித்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்துக்கும் இதே இடைவெளி வேண்டும்.

பாட்டில் விஷயமும் சொல்லிவிடுகிறேன். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைக்காதீர்கள், வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் இதைக் கெடுக்கும். வாங்கும்போது எண்ணைப் பாருங்கள்: 25-க்குப் பதில் 125 கைமாறினால் ஐந்து மடங்கு. பிராண்ட் மாறினால் மருத்துவரிடம் சொல்லி ஆறு வாரம் கழித்து ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் படிப்பது இன்னொரு தவறு. டிஎஸ்எச், அதாவது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், 12 என்று வந்திருக்கும். "தைராய்டு அதிகமாயிருக்கு" என்று மாத்திரையைக் குறைத்துக்கொள்வார்கள். டிஎஸ்எச் தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. கூப்பிட்டும் வராத பிள்ளையை அம்மா இன்னும் சத்தமாகக் கூப்பிடுவது போல, தைராய்டு போதிய அளவு சுரக்காவிட்டால் பிட்யூட்டரி டிஎஸ்எச்-ஐ ஏற்றிக்கொண்டே போகும். ஆகவே டிஎஸ்எச் அதிகம் என்றால் பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்று பொருள். டிஎஸ்எச் மிகக் குறைவு என்றால் ஹார்மோன் அதிகம், அல்லது போடும் மாத்திரை அளவு அதிகம். அதே சமயம், டிஎஸ்எச் 5, 6 என்று லேசாகத் தாண்டியதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். டி4 சரியாக இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் வழக்கம். வயதானவர்களுக்கு அந்த எண் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு.

பரிசோதனைக்குப் போகும் விதத்திலும் தவறுகள் உண்டு. மாத்திரை அளவு மாற்றியதும் இரண்டாவது வாரமே ரத்தம் கொடுத்தால் எண் குழப்பும், ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்க வேண்டும். அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். கடும் காய்ச்சலிலோ மருத்துவமனையில் படுத்திருக்கும்போதோ எடுத்த எண்ணை மட்டும் நம்பி மருந்தை மாற்றக்கூடாது. இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது பயோட்டின் என்ற வைட்டமின். முடி கொட்டுகிறது என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் இது 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கிறது. உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பல ஆய்வகங்களில் பயன்படுத்தும் பரிசோதனை முறையே பயோட்டினை வைத்துத்தான் வேலை செய்கிறது. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். தைராய்டு குறைந்ததால் முடி கொட்டுகிறவர் பயோட்டின் சாப்பிட்டு, தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வாங்கி, மாத்திரையைக் குறைத்து, இன்னும் முடி கொட்டி நிற்பதை என்னவென்று சொல்வது? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள், ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் மாத்திரையை நிறுத்துவது, இருப்பதிலேயே வருத்தமான தவறு. "குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோ" என்ற பயத்தில் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். வயிற்றிலுள்ள சிசுவின் தைராய்டு ஏறக்குறைய 12-வது வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கான ஹார்மோன் முழுக்க அம்மாவிடமிருந்துதான். அதனால் கர்ப்பத்தில் மாத்திரையின் அளவு கூடத்தான் வேண்டியிருக்கும், பலருக்கு நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை. நாள் தள்ளிப்போய் உறுதியானவுடனே மருத்துவரைப் பாருங்கள், முதல் ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம். குழந்தை பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இந்தக் குறைபாட்டோடு பிறக்கிறது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும்.

எடை குறைய மாத்திரையைக் கூட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். அதற்காகத் தேவைக்கு மேல் தைராக்ஸின் போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். அக்காவின் மாத்திரையைத் தங்கை போடுவது இதைவிட மோசம். ஏனென்றால் தைராய்டு அதிகம் சுரப்பவர்களுக்குத் தரும் கார்பிமசோலையும் வீட்டில் 'தைராய்டு மாத்திரை' என்றுதான் சொல்கிறார்கள். கார்பிமசோல் போடுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம்: காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் பாராசிட்டமால் போட்டுச் சமாளிக்காதீர்கள். அரிதாக இந்த மருந்து வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போய் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம். அயோடின் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. இந்துப்பில் போதுமான அயோடின் இல்லை. வீட்டில் கர்ப்பிணியோ பிள்ளைகளோ இருந்தால் நஷ்டம் அவர்களுக்கு. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கென விற்பதை 2006-ல் இந்தியாவில் தடைசெய்ததே இதற்காகத்தான். அதற்காக அயோடின் நல்லது என்று கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்கவும் கூடாது. அளவு மிஞ்சிய அயோடினும் தைராய்டைக் கெடுக்கும்.

கடைசியாக வேறொரு சுரப்பி. தைராக்ஸினை 1914-ல் தனியே பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டல்தான் அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசோனையும் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர். 1950-ல் நோபல் பரிசும் பெற்றார். அந்த வகை ஸ்டீராய்டுகள் உயிர் காக்கும் மருந்துகள். ஆனால் மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் எடை ஏறவும் சீட்டில்லாமல் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். பெயர் தெரியாத பொடியிலும் முகம் வெளுக்கும் கிரீமிலும் ஸ்டீராய்டு கலந்து வருகிறது. வெளியிலிருந்து இப்படி வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். முகம் உருண்டு, வயிற்றில் ஊதா வரிகள் விழும். பார்த்துப் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவார்கள். அதுதான் மிகப் பெரிய ஆபத்து. சுரப்பி விழித்துக்கொள்ள வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அறுவை சிகிச்சை, விபத்து என்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த விவரத்தை முதலில் சொல்ல வேண்டும். பேச முடியாத நிலையிலும் தெரியும்படி, மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு சேர்த்து பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.