கட்டிங் குதிரைப் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸில் முள்வேலி பரவுவதற்கு முன், பல பண்ணைகளின் மாடுகள் திறந்த வெளியில் ஒன்றாகக் கலந்தே மேய்ந்தன. கன்றுகளுக்குச் சூடு போடவும், விற்பனைக்குரியவற்றை ஒதுக்கவும் மந்தையிலிருந்து மாடுகளைத் தனித்தனியே பிரிக்க வேண்டியிருந்ததால், மாட்டின் அடுத்த அசைவை முன்னரே உணரும் குதிரைகளைக் கவ்பாய்கள் பழக்கினார்கள். அந்த வேலையே கட்டிங் என்னும் போட்டியாயிற்று. 1898இல் டெக்சஸின் ஹாஸ்கெல் நகரில் 150 டாலர் பரிசுக்கு நடந்த போட்டியில், சாம் கிரேவ்ஸ் ஓய்வு பெற்றிருந்த தம் வயதான குதிரை ஹப் மீதேறி வென்றார். 1946இல் ஃபோர்ட் வொர்த்தில் தேசிய கட்டிங் குதிரைச் சங்கம் அமைந்தது. இன்று ஒரு போட்டியாளருக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம்; அதற்குள் மாட்டை மந்தையிலிருந்து பிரித்து, அது திரும்பிப் போகாமல் குதிரையால் தடுக்க வேண்டும்; ஒவ்வொரு நடுவரும் 60 முதல் 80 வரை மதிப்பெண் இடுகிறார். விதிகள் தண்டிக்கும் தவறுகளில் பெரும்பாலானவை பண்ணையிலும் தவறுகளாகவே இருந்தவை.

மந்தைக்குள் வேகமாக நுழைவது முதல் தவறு. மிரண்டு ஓடும் மாடு எடை குறையும், தாயும் கன்றும் பிரிந்துபோகும் என்பதால் பண்ணையில் குதிரையை நடை வேகத்திலேயே உள்ளே செலுத்தினார்கள். போட்டியிலும் மந்தையைக் கலைத்தால் மதிப்பெண் குறையும். அதற்கு அஞ்சி ஓரத்து மாடுகளையே எடுப்பதும் தவறுதான். ஒருமுறையாவது மந்தையின் உள்ளே சென்று பிரித்தாக வேண்டும்.

மாடு தனியே வந்த பிறகும் கடிவாளத்தை இழுப்பதையே நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். அந்தக் கணத்தில் கையைக் குதிரையின் கழுத்தருகே தாழ்த்தி, வாரைத் தளர விட்டுவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி இழுத்தால் ஒரு மதிப்பெண் போகும். ஆனால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் உத்தரவை எதிர்பார்க்கும் பழக்கம் குதிரைக்கு வந்துவிட்டால், அதன் இழப்பு அந்த ஒரு மதிப்பெண்ணோடு நிற்காது. மாடு நின்றதும் நல்ல குதிரை பின்னங்கால்களில் எடையை வாங்கி, முன்பகுதியைத் தாழ்த்தி, மாட்டின் முகத்துக்கு நேராக நிற்கும்; மாடு இடப்புறம் திரும்பினால் குதிரையும் உடனே அப்பக்கம் பாயும். அப்போது சவாரி செய்பவர் முன்னே சாய்ந்திருந்தால் எடை முன்னங்கால்களில் விழுந்து திருப்பம் தாமதமாகும். ஆகவே சேணத்தில் ஆழ அமர்ந்து, சேணத்தின் முன்பக்கப் பிடியான கொம்பைத் தம்மை நோக்கி இழுக்காமல் முன்னோக்கித் தள்ளியபடி, பார்வையைக் குதிரையின் கழுத்தில் அல்லாமல் மாட்டின் மீதே வைத்திருக்க வேண்டும்.

மாடு இன்னும் எதிர்த்து வந்துகொண்டிருக்கும்போதே அதைக் கைவிடுவது அடுத்த தவறு. இதற்கு 3 மதிப்பெண் குறையும். மாடு நிற்கவோ, முகம் திருப்பிக்கொள்ளவோ காத்திருந்து விலகினால் தண்டனை இல்லை. குதிரையைத் தாண்டி மாடு மந்தைக்குள் புகுந்துவிட்டால் 5 மதிப்பெண் போய்விடும். பண்ணையிலோ பிரித்த வேலை முழுவதும் வீணாகும்.

களத்தில் இறங்கிய பிறகு மாட்டைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் நேரத்தை இழக்கிறார்கள். மந்தையைக் களத்தில் நிலைப்படுத்தும்போதே வேலியருகே நின்று, எது அமைதியாக நிற்கிறது, எது வெறிகொண்டு ஓடுகிறது என்று கவனித்து, முன்பு ஆடியவர்கள் பிரித்த மாடுகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உதவிக்கு வரும் நால்வரில் மந்தையைக் காக்கும் இருவரிடமும், தனியே வந்த மாட்டைக் குதிரையை நோக்கித் திருப்பிவிடும் இருவரிடமும் எந்த மாடுகள் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், களத்துக்குள் அவர்களின் உதவி உரிய நேரத்தில் கிடைக்கும்.