பத்மினியை முன் சக்கர இழுவைக்கு மாற்றும்போது

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற விடாது. ரோட்டுக்குப் போகாமல், ட்ராக்கில் மட்டும் ஓடப்போகும் பிரீமியர் பத்மினி காருக்குத்தான் இந்த வேலை.

பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மாருதி எஸ்டீம் எஞ்சின் பானெட்டுக்குள் உட்காருமா?" என்பதுதான். 1298 சி.சி. எஞ்சினை உட்கார வைத்துவிடலாம். ஆக்ஸில் எங்கே வருகிறது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. பத்மினியில் 1089 சி.சி. எஞ்சின் நீளவாக்கில் நின்று பின் சக்கரங்களை ஓட்டும். எஸ்டீமில் எஞ்சின் குறுக்காக நின்று முன் சக்கரங்களை ஓட்டும். இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அதற்குப் பின்னால். டிஃபரன்ஷியலைச் சக்கர மையத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் எஞ்சின் தானாக முன்னுக்குப் போய்விடும். ரேடியேட்டரையும் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

அதனால் கட்டரைத் தொடுவதற்கு முன், தூக்குக்குண்டு விட்டு நான்கு சக்கர மையத்தையும் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். பத்மினியின் நக்கிளில் (முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஆக்ஸில் நுழைய ஓட்டை கிடையாது. எஸ்டீமின் நக்கிள், ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ரேக் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுங்கள். ஸ்ட்ரட்டின் மேல்முனை உட்காரும் டவரை, வெறும் ஏப்ரன் தகட்டில் (எஞ்சின் அறையின் பக்கத் தகடு) வெல்டு வைக்காதீர்கள். ஃபயர்வாலோடும் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பு) சேஸிஸ் காலோடும் கனமான தகட்டால் பிணைத்தால்தான் தாங்கும்.

எஸ்டீம் செட் பத்மினிக்கு அகலம். ஆர்மை வெட்டிக் குறைத்தால் ரேக்கையும் அதே கணக்கில் குறைக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். நான் ஆர்மில் கை வைப்பதில்லை. ஃபெண்டர் மடிப்பை வெளியே எடுத்துவிடுவேன். சக்கரத்தைச் சுழற்றும் ட்ரைவ் ஷாஃப்டைக் குறைத்தே தீர வேண்டுமென்றால் EN24 எஃகில் புதிதாகக் கடைந்து, முனையில் ஸ்ப்ளைன் பற்களை வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் கொடுங்கள். ஷாஃப்டை வெட்டி வெல்டு வைப்பது உயிரோடு விளையாடுவது.

எல்லாம் டேக் வெல்டில், அதாவது தற்காலிகப் புள்ளி வெல்டில், நிற்கும்போதே, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை மேலே கடைசி வரை, கீழே கடைசி வரை கொண்டுபோங்கள். இரண்டு முனையிலும் ஸ்டீயரிங்கை லாக் டு லாக் திருப்பிப் பாருங்கள். ட்ரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் முட்டவும் கூடாது, கழன்று வரவும் கூடாது. இது சரியான பிறகுதான் முழு வெல்டிங்.

பின்னால் கிரவுனும் (பழைய டிஃபரன்ஷியல் பல்சக்கரம்) ஆக்ஸில் ஷாஃப்டும் போய்விடும். அந்தப் பின் ஆக்ஸிலுக்குப் பதில் சக்கரம் தாங்கும் ஸ்டப் (குட்டை அச்சு) வைத்த குழாய் பீம், பழைய லீஃப் ஸ்பிரிங்கிலேயே. அப்புறம் பிரேக். பின்பக்கம் லேசாகிவிட்டதால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுற்றிவிடும். எஸ்டீமின் மாஸ்டர் சிலிண்டரோடு பின் லைனில், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் ப்ரபோர்ஷனிங் வால்வு போட்டு, காலி ட்ராக்கில் மெதுவான வேகத்தில் தொடங்கி, முன் சக்கரம் முதலில் பூட்டும்வரை வால்வைத் திருகிக்கொண்டே வாருங்கள்.